சனிக்கிழமைத் தீர்ப்பு

வெள்ளி இரவு பத்து மணிக்கு நிகழ்ச்சி.
சனி காலை ஏழரைக்குத் தீர்ப்பு.
கிரிம்ஸ்பி மருத்துவமனையின் பின்கட்டில்
ஜன்னலோரம் நான்கு நாற்காலிகள்,
நான்கு இயந்திரங்கள்,
தலையணைமேல் நான்கு இடது கைகள்.
ரத்தம் வெளியே போய்
சுத்தமாகித் திரும்பும்வரை
வேறென்ன செய்வது?
நேற்று யார் தேறினார்கள் என்று பேசுவோம்.

"டெஸ் மாலட்தான் ராஜா," என்றார் வில்ஃப்.
மீன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம்
பனிக்கட்டி உடைத்தவர்.
"கேள்வி முடியுமுன் பதில் வைத்திருக்கிறான்."

"அடுத்தவர் பதிலையும் சேர்த்து
அவனே வைத்திருக்கிறான்," என்றார் மேவிஸ்.
எண்ணியிருக்கிறார்.
மின்கட்டண உறையின் பின்னால்
கோடு கோடாய்க் கணக்கு:
ஊனா ஃபாலன் வாய் திறந்தது பதினான்கு முறை.
டெஸ் குறுக்கே விழுந்தது பதினொன்று.
பள்ளிப் பேருந்து ஓட்டியவர் மேவிஸ்.
பின்சீட்டில் யார் யாரைப் பேசவிடவில்லை என்று
சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்.

"பேசவிட்டால் மட்டும்?
அவள் பேச்சில் உப்பில்லை,"
என்றார் வில்ஃப்,
இரண்டு வருடமாய் உப்பைத் தொடாதவர்.
வாயில் வந்துவிட்ட அந்தச் சொல்லைக்
கொஞ்ச நேரம் சப்பிக்கொண்டிருந்தார்.

கூரை வேலைக்காரன் கார்லுக்கு
எதிலும் நம்பிக்கையில்லை.
எல்லாம் எழுதிக் கொடுப்பதுதான் என்பான்.
இரண்டரை மணி நேரம் பிடித்து
அரை மணியாய் நறுக்குகிறார்களாம்.
அவன் மைத்துனி நேரில் போய் உட்கார்ந்தாள்,
படப்பிடிப்பு முடிந்தபிறகு
சும்மா ஒருதரம் சிரிக்கச் சொன்னார்களாம்,
எங்காவது ஒட்டவைத்துக்கொள்ள.
"முதல் இரண்டு வருடம் நன்றாக இருந்தது.
இப்போது நீர்த்துப் போச்சு," என்றான்.
அன்றைக்கு அவனுக்கு அனுமதித்த தண்ணீர்
முக்கால் லிட்டர்.

பாஸில் கிராண்ட் விஷயத்தில் மட்டும்
எங்களுக்குள் சண்டை கிடையாது:
அவன் எதற்கு?
ஓரத்து நாற்காலி.
அரை மணியில் இரண்டே வரி,
அதில் ஒன்று இருமல்.
மீதி நேரமெல்லாம்
கண்ணாடித் தம்ளரைத் தூக்கித் தூக்கி
நிதானமாய்த் தண்ணீர் குடிக்கிறான்.
அதைத்தான்
நாங்கள் நால்வரும்
அவரவர் வீட்டில்
கண்கொட்டாமல் பார்க்கிறோம் என்பதை
யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

இங்கே சிரிக்கக் கூடாது.
சட்டமில்லை, இயந்திரத்தின் சுபாவம்.
வயிறு குலுங்கினால் கை அசையும்,
கை அசைந்தால் ஊசி,
ஊசி அசைந்தால் கூவும்.
ரோவேனா ரப்பர் செருப்போடு ஓடிவருவாள்.
ஆகவே எங்கள் பாராட்டெல்லாம்
செத்த வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல்
தணிந்த குரலில்.

ஒன்பதேகாலுக்கு மேவிஸ் சொன்னார்:
"பன்னிரண்டாவது தடவை
ஊனா என்ன சொன்னாள் தெரியுமா?
டெஸ் கத்தியதில் யாருக்கும் காதில் விழவில்லை.
நான் நான்குதரம் பின்னால் ஓட்டிக் கேட்டேன்."
"சொல்லுங்கள்," என்றேன்.
அன்று காலை நான் பேசிய ஒரே சொல்.

மேவிஸ் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் சொன்னார்,
குரலைக்கூட உயர்த்தாமல்:
"'என் கணவர் நான் பேசும்போது
குறுக்கிட்டதே இல்லை.
குறுக்கிட வேண்டுமென்றால்
கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே.'"

கார்ல் மூக்கால் ஒரு காற்று விட்டான்.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மூன்றாவது நாற்காலியில்
கூவியது.
சிவப்பு விளக்கு,
வில்ஃபின் தோள், தாடை, போர்வை
எல்லாம் தனித்தனியே குலுங்க,
"கை மரத்துப்போச்சு, அதனால்தான்,"
என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

ரோவேனா பொத்தானை அழுத்தினாள்,
குழாயை நேராக்கினாள்,
எங்களை வரிசையாய் ஒருமுறை பார்த்தாள்.
"யாருடைய ஜோக்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே
வில்ஃப் சொன்னார்:
"டெஸ்."

மேவிஸ் ஒன்றும் பேசவில்லை.
வலது கையால்
கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து,
உறையைத் தொடைமேல் விரித்து,
பதினொன்றுக்குப் பக்கத்தில்
இன்னொரு கோடு போட்டார்.